வாழையிலையும் மட்கும் பிளாஸ்டிக்கும்



திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையைக் காணாத தமிழர் இருக்கலாம். கேள்விப்படாதவர் மிகச் சிலரே. அனந்தபத்மநாபனைத் தொழ வருவோரும், பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வருவோரும், சாலைக் கடைத்தெருவில் சரக்கெடுக்க வருவோரும் இந்தக் கோட்டை வாயிலையொட்டியே கூடுகின்றனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பெறும் வரை, நாஞ்சில் நாடும் இந்நகரைத் தலைநகராகக் கொண்ட அரசின் பகுதியாகவே இருந்தது. ஆகவே கோட்டைக்குள்ளும் கரமனையிலும் சாலைத் தெருவிலும் வாழும் எங்களைப் போன்ற தமிழர் இவ்வூருக்கு அயலாரும் அல்லர். முற்றும் உள்ளூராரும் அல்லர். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் உங்களுக்கு இந்த நிலை நன்கு விளங்கும்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கோயிலைப் பற்றியதன்று, குப்பையைப் பற்றியது. குப்பையைப் பற்றி வானொலியிலும் பேசவேண்டுமா என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். வீட்டைப் பெருக்குவது இழிவானால் வீட்டில் வாழ்வதும் இழிவே. கேட்டு முடித்தபின் தீர்ப்புக் கூறுமாறு வேண்டுகின்றோம்.

விடியற்காலையில் சாலைக் கடைத்தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த அங்காடி இது. ஏத்தன் குலைகளைச் சீவியபின் எஞ்சிய காம்புகள், கோசின் மேலிலைகள், கரும்புச் சக்கை, தேங்காய்க் கதம்பை, அழுகிய மாம்பழம் ஆகியவை ஒருபுறம் குவிந்து கிடக்கும். அவற்றினூடே பிளாஸ்டிக் பைகளும், பால் உறைகளும், தேநீர் பருகி எறிந்த குவளைகளும் கலந்து கிடக்கும். முதல் வகைக் குப்பை இரண்டு மழை கண்டால் மண்ணாகிவிடும். இரண்டாம் வகையோ நம் பேரர் காலத்திலும் அப்படியே இருக்கும். இவ்விரண்டும் கலந்துவிட்டால் எருவாகக் கூடியதும் எருவாகாது. மறுமுறை உருக்கிப் பயன்படுத்தக் கூடியதும் அதற்கு உதவாது.

இதனால் விளையும் தீங்கு வெறும் அழகுக் கேடன்று. கிழக்கேகோட்டைக்கு அருகே தம்பானூர் இரயில் நிலையத்தின் அடியில் ஆமையிழஞ்சான் என்னும் கால்வாய் ஓடுகின்றது. 2024ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள், மழைநீர் பெருகிய வேளையில், அங்கே அடைத்துக் கிடந்த குப்பையை அகற்றுவதற்காக இறங்கிய துப்புரவுத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். தண்டவாளங்களுக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் மலைபோல் திரண்டிருந்த பிளாஸ்டிக்கும் சேறும் மீட்புப் படையினரையே தடுத்தன. மூன்றாம் நாள் அவருடைய உடல்தான் கிடைத்தது. நாம் ஒரு கணத்தில் எறிந்த பையும் குவளையும் எங்கே போய்ச் சேர்கின்றன, யார் அவற்றின் நடுவே இறங்க நேர்கின்றது என்பதை இந்நகரத்தார் அன்று கண்டோம். அந்த நாளுக்குப் பின் குப்பையைப் பற்றிப் பேசுவது எங்களுக்கு வெறும் சுகாதாரப் பிரசங்கமன்று.

அங்காடியில் கண்ட முதல் வகைக் குப்பையைக் கொண்டே இரண்டாம் வகைக்கு மாற்றுப் பொருள் செய்ய இயலுமா? தவிடும், சக்கையும், பழத்தோலும், கிழங்குத் திப்பியும் தட்டாகவும் பையாகவும் மாறி, வேலை முடிந்தபின் மீண்டும் மண்ணாகிவிடுமா? இதுவே இன்றைய கேள்வி. இயலும் என்பது விஞ்ஞானத்தின் விடை. ஆனால் அந்த விடையோடு சில நிபந்தனைகளும் உண்டு. அவற்றை மறைத்து விற்பவர் பலராதலால், நிபந்தனைகளைத்தான் நாம் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கின்றது.

பிளாஸ்டிக் என்றவுடன் மண்ணெண்ணெயின் உடன்பிறப்பு என்றே எண்ணிவிடுகின்றோம். அதன் பிறப்போ தாவரத்திலிருந்து நிகழ்ந்தது. 1862ஆம் ஆண்டு இலண்டன் பொருட்காட்சியில் அலெக்சாண்டர் பார்க்ஸ் என்பவர் காட்டிய முதற்பொருள் செல்லுலோஸ் எனப்படும் தாவர நாரிலிருந்து ஆக்கப்பட்டது. பின்னர்ப் பாலின் புரதத்திலிருந்து பொத்தானும் சீப்பும் செய்தனர். 1907இல் பேக்லாந்து கண்ட பேக்கலைட்டும், 1933இல் இங்கிலாந்தில் தற்செயலாகக் கிட்டிய பாலிதீனும் வந்த பிறகே நிலக்கரியும் பெட்ரோலியமும் அரியணை ஏறின. ஆகவே தாவரத்திலிருந்து பிளாஸ்டிக் என்பது புதுமையன்று. விட்ட வழிக்குத் திரும்புவதே ஆகும்.

இதன் தத்துவத்தைப் பூச்சரத்தைக் கொண்டு விளக்கலாம். தோவாளைச் சந்தையில் உதிரிப் பூவாக வரும் பிச்சிப்பூ, நாரில் தொடுத்தபின் சரமாகின்றது. அதுபோலச் சிறு சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட சரமானால் அதுவே பிளாஸ்டிக். அரிசியிலுள்ள மாவுப்பொருளும் இத்தகைய சரமே. வைக்கோலிலுள்ள செல்லுலோசும் இத்தகைய சரமே. இவற்றின் முடிச்சுகளை அவிழ்க்கும் கலையை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பல கோடி ஆண்டுகளாகக் கற்றிருக்கின்றன. பாலிதீன் சரமோ அவை காணாத புது முடிச்சு. அதனை அவிழ்க்க அவற்றிடம் கருவி இல்லை. அது மட்காமலிருப்பதற்குக் காரணம் அதன் வலிமையன்று. அதனைத் தின்பார் இல்லாமையே.

கழிவிலிருந்து பொருள் செய்யும் வழிகளுள் மிக எளியது, இருக்கும் நாரையும் தவிட்டையும் அப்படியே அழுத்தி வடிப்பது. பாக்கு மட்டையை நனைத்துச் சூடான அச்சில் அழுத்தினால் தட்டாகின்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். கரும்புச் சக்கையைக் கூழாக்கி வடித்த தட்டும் இன்று கடைகளில் கிடைக்கின்றது. கரூர் மாவட்டம் புகளூரிலுள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்தே காகிதம் செய்து பெயர் பெற்றது. போலந்து நாட்டில் ஓர் ஆலையாளர் கோதுமைத் தவிட்டைச் சிறிதளவு நீரோடு கலந்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்துத் தட்டாக்கும் முறையைக் கண்டார். வேறு பசையொன்றும் இல்லாமலே, தவிட்டிலுள்ள மாவுப்பொருளும் புரதமும் பசையாகி அதனை இறுக்குகின்றன.

இந்தத் துறையில் எங்கள் ஊருக்கும் ஓர் இடமுண்டு. கிழக்கேகோட்டையிலிருந்து நாகர்கோவில் சாலையில் கரமனை கடந்து சென்றால் பாப்பனங்கோடு வரும். அங்கே விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சிக்கூடம் ஒன்று 1975ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. 2007 முதல் அது தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிலையம் என வழங்குகின்றது. தவிடு, பழத்தோல் முதலிய வேளாண் கழிவுகளிலிருந்து மட்கும் தட்டும் கிண்ணமும் செய்யும் முறைகளை இந்நிலையத்தார் உருவாக்கித் தொழில் முனைவோருக்கு வழங்கியுள்ளனர். அவர்கள் துணையோடு எறணாகுளம் மாவட்டத்து அங்கமாலியில் ஒரு நிறுவனம் கோதுமைத் தவிட்டுத் தட்டுகளைச் செய்து வருகின்றது. அத்தட்டுக்கு இட்ட பெயர் தூஷன் என்பது. மலையாளத்தில் விருந்துக்கு இடும் நுனி வாழையிலைக்குத் தூசனிலை என்று பெயர். பெயர் இட்டவர் பழைய இலையை மறக்கவில்லை என்பது நமக்கு மகிழ்ச்சி தருகின்றது.

இரண்டாவது வழி மாவுப்பொருளைப் பிளாஸ்டிக்காக மாற்றுவது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரச்சீனிக் கிழங்கைப் பரப்பிய பெருமைக்குரியவர். அன்று பஞ்சத்துக்கு உணவாக நட்ட கிழங்கு இன்று ஆராய்ச்சிக்கும் உணவாகின்றது. இந்நகரில் ஸ்ரீகாரியத்தில் 1963ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் மரச்சீனி மாவைக் கலந்து மட்கும் படலம் செய்யும் ஆராய்ச்சியும் நடந்துள்ளது. அதே கிழங்கைச் சேலத்தார் மரவள்ளி என்றும் குச்சிக்கிழங்கு என்றும் வழங்குவர். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் மாவைப் பிழிந்தெடுத்தபின் எஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். பிழிந்தபின்னும் அதில் மாவுப்பொருள் கணிசமாகத் தங்கியிருக்கும். கழிவிலிருந்து பிளாஸ்டிக் செய்ய விழைவோருக்கு அது நல்ல மூலப்பொருள்.

உலர்ந்த மாவைச் சுட்டால் கருகுமே தவிர உருகாது. ஆனால் நீரும் கிளிசரினும் சேர்த்துச் சூடாக்கிக் கிளறினால், மாவின் மணிகள் உடைந்து குழைந்து, வேண்டிய வடிவம் கொள்ளும். இதனை நம் சிறுவர் சிறுமியர் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மரவள்ளி மாவு ஒரு பெரிய கரண்டி, நீர் நான்கு கரண்டி, கிளிசரின் ஒரு தேக்கரண்டி, வினிகர் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து, பெரியவர் துணையோடு இளந்தீயில் கிளறுக. கஞ்சி கண்ணாடி போலத் தெளிந்து இறுகியதும் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு நாள் உலர விடுக. வளையக் கூடிய ஒரு படலம் கிடைக்கும். 2013ஆம் ஆண்டு துருக்கி நாட்டு மாணவி ஒருத்தி, தன் பதினாறாம் வயதில், வாழைப்பழத் தோலிலிருந்து இத்தகைய படலம் செய்து உலக அளவிலான மாணவர் போட்டியொன்றில் பரிசு பெற்றாள். ஆனால் நீங்கள் செய்த படலத்தை ஒரு நாள் நீரில் இட்டுப் பாருங்கள், ஊறிக் குழைந்துவிடும். மாவுப் பிளாஸ்டிக்கின் குறை இதுவே. நீரைக் கண்டால் இளகும், நாட்பட்டால் நொறுங்கும். ஆகவே தொழிற்சாலைகளில் அதனோடு வேறு பொருள்களைக் கலந்தே பை செய்கின்றனர்.

மூன்றாவது வழி நம் வீட்டுத் தயிரிலும் இட்லி மாவிலும் இருக்கின்றது. மாவு புளிக்கக் காரணமான நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளிவிடுகின்றன. புளித்த பாலிலிருந்து இவ்வமிலத்தை 1780ஆம் ஆண்டு ஷீலே என்னும் வேதியியலார் பிரித்தெடுத்தார். இந்த அமில மூலக்கூறுகளைச் சரமாகத் தொடுத்தால் பாலிலாக்டிக் அமிலம் என்ற பிளாஸ்டிக் கிடைக்கின்றது. கண்ணாடி போன்ற குவளைகள் பல இதனால் ஆனவை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் உடலிலேயே கரைந்துபோகும் தையல் நூல்களிலும் இவ்வமிலத்தின் உறவு உண்டு. உத்தரப் பிரதேசத்தில் ஒரு சர்க்கரை ஆலை நிறுவனம் கரும்பிலிருந்து இதனைப் பேரளவில் செய்யும் ஆலையொன்றை அமைப்பதாக 2024இல் அறிவித்தது. ஆனால் அங்கே மூலப்பொருள் சர்க்கரை, கழிவன்று. வைக்கோலையும் சக்கையையும் சர்க்கரையாக உடைத்து, அதிலிருந்து இதே பொருளைச் செய்வதே அடுத்த படி. தில்லியிலும் அரியானாவிலும் வாழும் அன்பர்களே, அறுவடைக்குப் பின் வயலில் எரிக்கும் நெல் தாளின் புகையை ஆண்டுதோறும் நீங்கள் மூச்சோடு இழுக்கின்றீர்கள். அந்தத் தாளில் மூன்றில் ஒரு பங்கு செல்லுலோஸ் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நான்காவது வழியில் நுண்ணுயிரே பிளாஸ்டிக்கை ஆக்குகின்றது. 1926ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் மோரிஸ் லெமாயின் என்பவர் இதனைக் கண்டறிந்தார். நாம் கொழுப்பைச் சேமிப்பது போல, சிலவகை நுண்ணுயிர்கள் உணவு மிகுந்த காலத்தில் தம் உடலுக்குள் ஒருவகைப் பிளாஸ்டிக் மணிகளைச் சேமித்து வைக்கின்றன. உணவுக் கழிவைப் புளிக்கவைத்த நீரையே அவற்றுக்கு ஊட்டலாம். இப்பொருள் மண்ணிலும் கடல்நீரிலும்கூடப் படிப்படியாக மட்குகின்றது என்பது இதன் சிறப்பு. விலை மிகுதி என்பது இதன் குறை.

நிற்க. இதுவரை கூறியவற்றால், தாவரத்திலிருந்து வந்தது எல்லாம் மட்கும், பெட்ரோலியத்திலிருந்து வந்தது எதுவும் மட்காது என்று நீங்கள் முடிவுகட்டிவிடலாகாது. பிரேசில் நாட்டில் கரும்பிலிருந்து பாலிதீன் செய்கின்றனர். பிறப்பால் அது கரும்பின் பிள்ளை. ஆயினும் குணத்தால் சாதாரணப் பாலிதீனே. அது மட்காது. மறுபுறம், மட்கும் பைகளில் மாவோடு கலக்கும் பொருள் ஒன்று பெட்ரோலியத்தில் பிறந்தது. ஆயினும் தக்க சூழ்நிலையில் மட்கிவிடும். எதிலிருந்து பிறந்தது என்பது ஒரு கேள்வி. எப்படி மடியும் என்பது வேறொரு கேள்வி. விற்பவர் முதற்கேள்விக்கு விடை கூறி, இரண்டாம் கேள்வியை நாம் கேளாதபடி செய்துவிடுகின்றனர்.

நாங்களே இதில் ஏமாந்தவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பொது விருந்து நடந்தது. இலை போதாது என்று அஞ்சி, முற்றிலும் மட்கக் கூடியவை என்று அச்சிட்ட குவளைகளையும் பைகளையும் ஒரு கடையில் வாங்கினோம். விலையும் இருமடங்கு. நல்லது செய்தோம் என்ற நிறைவோடு எச்சில் இலைகளையும் அவற்றையும் கொல்லைக் குழியில் ஒன்றாக இட்டு மண் தூவினோம். இடவப்பாதி மழையும் பெய்தது, துலா மழையும் பெய்தது. குழியைக் கிளறியபோது இலைகள் கரிய எருவாகியிருந்தன. குவளைகள் மட்டும் கழுவினால் மறுபடியும் தேநீர் ஊற்றலாம் போலக் கிடந்தன. பைகளோ கைப்பட்டதும் சிறு சிறு துணுக்குகளாக உதிர்ந்து எருவோடு கலந்தன. அவ்வளவு எருவையும் எந்தச் செடிக்கும் இட மனம் வரவில்லை. எங்கள் தெருவின் மூத்த பாட்டியார் எட்டிப் பார்த்துவிட்டு, "இலை செத்துச் சோறாச்சு, இது சாகவே மாட்டேங்கிறதே" என்றார். நாங்கள் படித்த விளம்பரங்களை விட அந்த ஒரு வாக்கில் விஷயம் மிகுதியாக இருந்தது.

ஏன் அவ்வாறு நிகழ்ந்தது என்று பிறகு விசாரித்து அறிந்தோம். மட்கும் பிளாஸ்டிக்குக்கு ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தரம் ஒன்று உண்டு. அத்தரத்தின்படி, ஏறத்தாழ 58 டிகிரி வெப்பமுள்ள எருக்கிடங்கில் பன்னிரண்டு வாரத்தில் பொருள் சிதைந்து, 180 நாளுக்குள் பத்தில் ஒன்பது பங்கு கரியமில வாயுவாக மாறவேண்டும். 58 டிகிரி என்பது பெரிய எருக்கிடங்கில் உண்டாகும் சூடு. வீட்டுக் கொல்லைக் குழியில் அந்தச் சூடு பெரும்பாலும் உண்டாவதில்லை. கால்வாயிலும் கடலிலும் இல்லவே இல்லை. ஆகவே எங்கள் குவளை பொய்யான பொருள் அன்று. தவறான இடத்தில் புதைத்த மெய்யான பொருளாக இருக்கலாம். ஆமையிழஞ்சான் கால்வாயில் வீழ்ந்தால் அதுவும் அடைப்பே.

உதிர்ந்த பைகளின் கதை வேறு. சாதாரணப் பாலிதீனில் ஒரு மருந்தைச் சேர்த்தால் வெயிலிலும் காற்றிலும் அது நொறுங்கிவிடும். கண்ணுக்கு மறைவதால் மட்கிவிட்டது என்று தோன்றும். உண்மையில் துகளாகி மண்ணில் தங்கிவிடுகின்றது. மறைவது வேறு, மட்குவது வேறு. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய பொருள்களை 2021 முதல் தடை செய்துவிட்டது. நம் நாட்டில் மட்கும் பிளாஸ்டிக் செய்வோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெறவேண்டும் என்பது விதி. அச்சான்றிதழின் எண்ணைப் பொருளின் மீது தேடுவது வாங்குவோர் கடமை. நாங்கள் அன்று தேடவில்லை.

எனவே பொருளைச் செய்வது பாதி வேலை. அது மடிவதற்குரிய இடத்தை அமைப்பது மறுபாதி. இந்தப் பாடத்தைத் திருவனந்தபுரம் துன்பப்பட்டே கற்றது. விளப்பில்சாலை என்ற ஊரில் 2000ஆம் ஆண்டு நகரத்துக் குப்பைக்காக ஆலையொன்று அமைந்தது. நாற்றமும் கழிவுநீரும் தாங்காமல் அவ்வூர் மக்கள் கிளர்ந்தெழ, 2011 டிசம்பரில் அது மூடப்பட்டது. நகரத்தின் அழுக்கை ஒரு கிராமத்தின் தலையில் கொட்டுவது நீதியன்று என்பதே அதன் பொருள். அதன்பின் அந்தந்தப் பகுதியிலேயே குப்பையைத் தீர்க்கும் முறை இங்கே வேரூன்றியது. தும்பூர்முழி முறை என்பது அவற்றுள் ஒன்று. காற்றோட்டமுள்ள பெட்டியில் சாணக் கரைசல், காய்ந்த இலை, உணவுக் கழிவு என்று அடுக்கடுக்காக இட்டால், நுண்ணுயிர்களின் உழைப்பால் உள்ளே கைவைக்க இயலாத சூடு பிறக்கும். சில மாதங்களில் நாற்றமற்ற எரு கிடைக்கும். மட்கும் தட்டுக்கு உரிய மயானம் இத்தகைய பெட்டியே. மட்காத பொருள்களையோ பசுமைப் படை மகளிர் வீடு வீடாக வந்து தனியே பெற்றுச் செல்கின்றனர். வாயிலில் நின்று அவர்கள் கேட்பது ஒன்றே: கழுவிப் பிரித்துத் தாருங்கள் என்பது. மட்கும் பை ஒன்று மட்காத பைகளோடு கலந்தால் மறுசுழற்சி கெடும்; மட்காதது எருவில் கலந்தால் எரு கெடும். இரண்டும் கைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் அவர்கள் படும் பாடு பெரிது.

இன்னொரு நிபந்தனையையும் சொல்ல வேண்டும். நகரத்தார் கழிவு என்று கருதுவதை நாட்டுப்புறத்தார் அவ்வாறு கருதுவதில்லை. தவிடு மாட்டுக்குத் தீவனம், திப்பியும் தீவனம், சக்கை ஆலையின் அடுப்புக்கு விறகு, தாள் மண்ணுக்கு எரு. எல்லாத் தவிட்டையும் தட்டாக்கிவிட்டால் மாட்டுக்கு என் செய்வது? தட்டு வடிக்கப் புகும் தவிடு, மாடு உண்ணாத தவிடாக இருப்பது நலம். பயிர்க் கழிவோ அறுவடைக் காலத்தில் மலைபோல் குவியும். பிற மாதங்களில் கிடைக்காது. ஈரத்தோடு வைத்தால் அழுகும். உலர்த்தினால் எரிபொருள் செலவாகும். பஞ்சு போல இடத்தை அடைப்பதால் வண்டிக் கூலியும் மிகும். பாலிதீன் பைக்கு இவ்வளவு தொல்லையில்லை. அதனால்தான் அது மலிவு. ஆனால் அந்த மலிவுக் கணக்கில் கால்வாய் அடைப்பின் செலவும், வெள்ளத்தின் செலவும், உள்ளே இறங்கியவர் உயிரின் விலையும் சேர்க்கப்படவில்லை.

அளவையும் நாம் மறத்தலாகாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி 2020-21இல் இந்தியாவில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு 41 இலட்சம் டன். உலகம் ஆண்டொன்றுக்கு ஆக்கும் பிளாஸ்டிக் 40 கோடி டன்னுக்கு மேல். அதில் தாவரப் பிளாஸ்டிக் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. எறியும் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எறியும் பொருளை மட்டும் மாற்றினால் நிலமும் நீரும் போதா. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலும், கேரளத்தில் 2020 ஜனவரி முதலும், நாடெங்கும் 2022 ஜூலை முதலும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்துள்ளது. சட்டம் கடைக்காரரைத் தடுக்கும். நம் கையை நாமே தடுக்க வேண்டும்.

கிழக்கேகோட்டைக்கு அண்மையிலுள்ள ஆற்றுக்கால் கோயிலின் பொங்கலைத் திருவிழாவை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 2009ஆம் ஆண்டு 25 இலட்சம் பெண்கள் கூடிய விழா என்று உலகச் சாதனை நூலில் இடம்பெற்றது அது. அவ்வளவு பெருங்கூட்டத்திலும், அன்னதானத்துக்கு எவர்சில்வர்த் தட்டும் தம்ளரும் பயன்படுத்துமாறு அண்மை ஆண்டுகளில் வற்புறுத்தி, பெருமளவு குப்பையைக் குறைத்திருக்கின்றனர். கழுவி வைத்தால் நாளையும் உதவும் தம்ளருக்கு நிகரான விஞ்ஞானம் இன்னும் பிறக்கவில்லை.

ஆகவே அன்பர்களே, உங்கள் ஊரில் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவோ வீட்டுத் திருமணமோ வரும்பொழுது, வரிசையாக நான்கு கேள்விகள் கேளுங்கள். கழுவிப் பயன்படுத்தும் பாத்திரம் கிடைக்குமா? கிடைக்காவிடில் வாழையிலையோ தையல் இலையோ பாக்கு மட்டையோ கிடைக்குமா? அவையும் இல்லையெனில், சக்கைத் தட்டும் தவிட்டுத் தட்டும் கிடைக்குமா? கடைசியாக மட்கும் பிளாஸ்டிக்கையே வாங்க நேர்ந்தால், அதில் சான்றிதழ் எண் உள்ளதா, நம் ஊரில் அதனை மட்கச் செய்யும் எருக்கிடங்கு எங்கே உள்ளது? கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லையானால், அந்தப் பொருள் உங்களைப் பொறுத்தவரை வெறும் பிளாஸ்டிக்கே.

தவிட்டையும் தாளையும் பொருளாக்கும் ஆராய்ச்சி வளரவேண்டும். அது வளர்வதற்கு நம் ஆதரவும் வேண்டும். மருந்து உறை, பால் உறை, நாற்றங்கால் பை, வயலில் பரப்பும் தாள் என்று இலையால் செய்ய இயலாத வேலைகள் எத்தனையோ உண்டு. அங்கேதான் மட்கும் பிளாஸ்டிக்குக்கு மெய்யான வேலை காத்திருக்கின்றது. விருந்துப் பந்தியில் வாழையிலையை எழுப்பிவிட்டு அதன் இடத்தில் அமர்வது அதன் வேலையன்று.

எங்கள் கொல்லைக் குழியில் இப்பொழுதும் இலையும் தோலும் மட்டுமே விழுகின்றன. அந்தக் குவளைகளைக் கழுவி, பிரித்து, பசுமைப் படைச் சகோதரியிடம் கொடுத்துவிட்டோம். இவை எந்த வகை என்று அவர் கேட்டார். எங்களால் விடை கூற இயலவில்லை. அடுத்த முறை அவர் கேட்கும்பொழுது விடை கூறத் தெரிந்தவர்களாக நாமெல்லோரும் இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.